வெள்ளைச்சாமி என்று இரண்டு பேர்

கார்த்திகை 5

ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாமல் போன வருஷம் இது. கூடவே ஐப்பசி மழையும் செல்லாமல் போயிற்று. வைப்பாற்றில் தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் பையன்கள் ஸ்டம்பு நட்டிருக்கிறார்கள். சாத்தூர் முழுக்க பேங்க் வாசலில் வரிசையில் நின்ற ஒரு நாளில், என் வாசலில் மட்டும் ஒரு பெண் வந்து நின்றாள்.

"ஏனுங்க, வெள்ளைச்சாமிங்கறது நீங்கதானுங்களா?"

ஆதாருக்கு ரேகை எடுக்க வந்தவள் என்று நினைத்துக் கட்டைவிரலை நீட்டினேன்.

"நான் உங்க மகளுங்க" என்றாள்.

கட்டைவிரலை மடக்கிக்கொண்டேன். உள்ளே முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரியின் அரிவாள்மனைச் சத்தம் நின்றது.

பேர் லோகநாயகி. பொள்ளாச்சியில் கயிறு மில்லில் வேலை. ஐம்பது வயசுக்கு ஒன்றிரண்டு குறையும். அவளுடைய அம்மா மருதாயி, வால்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள், இந்தப் புரட்டாசியில் செத்துப்போனாளாம். சாகும்போது, "உங்கப்பன் சாத்தூர் வெள்ளைச்சாமி, இருளாயி மகன்" என்று சொன்னாளாம். அதுவரை அப்பன் லாரியில் அடிபட்டுச் செத்தான் என்று சொல்லி வளர்த்திருக்கிறாள். லாரியே தேவலை.

"சொத்துக்கு வரலீங்க. எம் மகளுக்குத் தை மாசம் கல்யாணமுங்க. மாப்பிள்ளை வீட்டுல தாய்மாமன் யாருன்னு கேக்கறாங்க. எனக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருந்தா, மாலை போட்டு அவளை மணவறைக்குக் கூட்டிட்டு வரட்டுமுங்க. அது போதுமுங்க."

நான் வேறு எதையும் கவனிக்கவில்லை. என் மூக்கு அவள் முகத்தில் இருந்தது. ஆம்பிளை முகத்திலேயே அந்த மூக்கு அதிகப்படி. பொம்பிளைக்கு அது அநியாயம்.

இதெல்லாம் நடந்தது போன வாரம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ்ஸைக்கூட நிறம் பார்த்துத்தான் ஏறுவேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது மாடியில் குடியிருக்கும் ஜெயசீலி டீச்சர். மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவர். "வீட்ல யாரும் உங்ககூடப் பேச மாட்டேங்கிறாங்க. எங்கிட்டச் சொல்லுங்கய்யா. தேதி போட்டு வச்சா, மாத்திச் சொன்னீங்கன்னு நாளைக்கு யாரும் சொல்ல முடியாது" என்றார். என் கொச்சையை எல்லாம் வெளுத்து, அச்சுப் புத்தகம் மாதிரி ஆக்கிவிடுகிறார். கெட்ட வார்த்தை சொன்னால் மட்டும் பேனாவை மூடிவிடுவார். அதனால் இதில் பாதி விஷயம் விட்டுப்போகும்.

கார்த்திகை 6

சோறு வந்தது. குழம்பு வரவில்லை.

கார்த்திகை 9

குழம்பு வராததற்குக் காரணம் நான் இல்லை, என் தம்பி. அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அம்மா இருளாயிக்கு ஒரே பிரசவத்தில் இரண்டு. இரண்டும் கரிக்கட்டை. முதலில் விழுந்த கரிக்கட்டைக்கு வெள்ளைச்சாமி என்று பேர் வைத்தார்கள். சாமி பேர், நிறம் பார்த்து வைப்பதில்லை. ஒரு பீடி பிடிக்கிற நேரம் கழித்து விழுந்தவன் கருப்பசாமி. எந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்தோம் என்று தெரியாமல் ஒருவனுக்கே இரண்டு முறை கொடுத்து, மற்றவனைக் கத்தவிட்டார்கள் சொந்தக்காரப் பொம்பிளைகள். கத்தினவன் நானாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு மீசை கறுத்த நேரம், மழை இல்லாமல் கரிசல் வெடித்துக் கிடந்தது. எஸ்டேட்டுக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணி, வீட்டுக்கு ஒரு ஆள்தான் என்று சொல்லிவிட்டான். எங்கள் அய்யா யோசித்தார். ஒரு பேருக்குத்தானே இடம்? ஒரு பேரைக் கொடுப்போம், இரண்டு பேரை அனுப்புவோம். வெள்ளைச்சாமி என்று எழுதிக்கொண்டார்கள். ஆறு மாசம் நான் மலையில், கருப்பன் ஊரில் காட்டு வேலையில். அடுத்த ஆறு மாசம் அவன் மேலே, நான் கீழே. மாறுகிற அன்றைக்குப் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் சந்திப்போம். கம்பளி, ரப்பர் செருப்பு, அட்டைப்பூச்சிக்குப் போடும் புகையிலைப் பை எல்லாவற்றையும் கைமாற்றிக்கொள்வோம். "எந்தக் கடையில கடன் சொல்லியிருக்க? யாரை முறைச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டு பிரிவோம். எஸ்டேட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கங்காணிக்கு மட்டும் தெரியும். அவன் வாயில் சாத்தூர்க் காராச்சேவைப் போட்டு அடைத்திருந்தோம்.

லோகநாயகி பிறந்தது காங்கிரஸ் ஆட்சி மாறின வருஷம், ஆடியில். அப்படியானால் சமாச்சாரம் நடந்தது அதற்கு முந்தின ஐப்பசியில். ஆடி முதல் மார்கழி வரை மலையில் கருப்பன் முறை. நான் சாத்தூரில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். கணக்குச் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். டீச்சர் விரல் மடக்கிப் பார்த்து, சரிதான் என்றார்.

கருப்பனைக் கேட்கலாமே என்றால், அவன் கல்யாணமே கட்டாமல் மலையிலேயே வேறு எஸ்டேட்டில் கிடந்து, சுனாமி வந்ததற்கு அடுத்த மாசம் போய்ச் சேர்ந்தான். செத்தவன் மறுபேச்சுப் பேசமாட்டான் என்று நான் அவன் மேல் போடுவதாக என் மகன் சொல்கிறான். செத்தவன் என்பதற்காக அவன் செய்ததை நான் சுமக்க முடியுமா?

கார்த்திகை 12

என் மகன் அழகுராஜா மைக்செட் வைத்திருக்கிறான். இருபத்தைந்து வருஷம் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்று காது பாதி போய்விட்டது. வீட்டுக்குள்ளும் பந்தலில் பேசுகிற மாதிரிதான் பேசுவான். இதனால் எங்கள் குடும்ப விஷயம் எதுவும் தெருவுக்குத் தெரியாமல் போனதில்லை.

"எத்தன கல்யாணத்துல 'தாய்மாமன் மேடைக்கு வரவும்'னு நான் கூப்பிட்டிருக்கேன்! என்னைய ஒருத்தன் கூப்பிட்டதுண்டா? ஒத்தப் பிள்ளையாப் பெத்துவிட்டுட்டீக. இப்ப ஒரு அக்கா வாசல்ல வந்து நிக்குது. அதையும் வெரட்டுறீக."

"ஏலே, மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசுறேன்!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

மதுரையில் ஒரு இடத்தில் எச்சிலை வைத்தே அப்பன் யார் என்று சொல்லிவிடுகிறார்களாம். டி.என்.ஏ. என்றான். உடனே சரி என்றேன். அவனுக்கே ஆச்சரியம். எனக்கு என்ன பயம்? முகம்தான் ஒன்று. உள்ளே கருப்பன் சாராயத்தில் ஊறினவன், நான் பீடி மட்டும். எச்சிலைப் பார்த்தால் தெரியாதா?

வீட்டுக்காரி திண்டுக்கல் பூட்டு மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

கார்த்திகை 14

மதுரை போய் வந்தோம். லோகநாயகியும் வந்திருந்தாள். காது குடைகிற மாதிரி ஒரு பஞ்சுக் குச்சியைக் கன்னத்துக்குள் விட்டுத் துழாவினார்கள். ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்து, "தாத்தா, பேரு?" என்றாள். வெள்ளைச்சாமி என்றேன். எங்களைச் சேர்த்து நிற்கவைத்துப் போட்டோ எடுத்தபோது அந்தப் பெண் என் மூக்கையும் அவள் மூக்கையும் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். திரும்பி வரும்போது லோகநாயகி எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். பசி.

கார்த்திகை 16

அந்த ஐப்பசியில் மலையில் பெய்த மழையைப் பற்றி டீச்சர் கேட்டார். இந்த வருஷம் மழையே இல்லாததால் மழைக் கதையாவது கேட்கலாம் என்று ஆசை போல.

சொன்னேன். மூன்று வாரம் சூரியனைப் பார்க்கவில்லை. நாற்றங்கால் கொட்டகைக்குள் யானை புகுந்து, பந்தலைத் தோளில் மாட்டிக்கொண்டே போய்விட்டது. விடிந்ததும் மிதிபட்ட நாற்றுகளைப் பொறுக்க ஆள் போட்டார்கள். மருதாயியும் வந்தாள். மழைக்குக் கொங்காணிச் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டிருந்தாள். கெண்டைக்காலில் அட்டைப்பூச்சி தொங்கியது. அதைப் பிடுங்காமல், "குடிச்சுட்டுத் தானாப் போவட்டும், அதுக்கும் பசிதானே" என்றாள். முன்பல்லில் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். சிரிக்கும்போது அதைக் கீழ் உதட்டால் மூடுவாள். யானை போன தடத்தில் கால் வைத்துப் பார்த்து, "இதுல ஒரு பிள்ளையக் குளிப்பாட்டலாம்" என்றாள்.

டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அய்யா, அந்த ஐப்பசியில நீங்க சாத்தூர்லல்ல பருத்தி எடுத்துக்கிட்டு இருந்தீங்க?"

"கருப்பன் சொன்னான்."

"இவ்வளவும் சொன்னாரா?"

"அவனுக்கு வாய் ஜாஸ்தி" என்றேன்.

கார்த்திகை 27

சென்னையில் புயல். மரம் எல்லாம் படுத்துவிட்டதாக டி.வி.யில் காட்டுகிறார்கள். இங்கே ஒரு துளி இல்லை. தண்ணீர் லாரிக்குக் குடம் வைப்பதில் எதிர்வீட்டுக்காரியோடு சண்டை. "மகளத் தேடிக் கண்டுபிடிச்ச மாதிரி தண்ணியையும் கண்டுபிடியுங்க" என்றாள். பதில் சொன்னேன். டீச்சர் அதை எழுதவில்லை.

மார்கழி 3

வந்துவிட்டது. அழகுராஜா காகிதத்தை வாசித்தான். மைக் இல்லாமலே மார்க்கெட் வரை கேட்டிருக்கும். லோகநாயகிக்கு நான்தான் அப்பனாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேலே ஏதோ புள்ளி.

"மிச்சப் புள்ளி?" என்றேன்.

"அது உங்க மானத்துக்கு" என்றான்.

வீட்டுக்காரி எழுந்தாள். தலையணை, வெற்றிலைப் பெட்டி, கண்ணாடி மூன்றையும் எடுத்துக்கொண்டாள். மகள் இருந்தால் மகள் வீட்டுக்குப் போயிருப்பாள். இல்லாததால் மாடிக்குப் போய் டீச்சர் வீட்டில் இருந்துகொண்டாள். ஆக, கட்டினவளும் மாடியில், கணக்கெழுதுகிறவளும் மாடியில். கீழே நானும் ஒரு புள்ளியும்.

மார்கழி 5

மாடிப்படியில் கடைசிப் படிக்கு மேல் ஏற எனக்கு அனுமதி இல்லை. படியில் உட்கார்ந்து சொல்கிறேன். டீச்சர் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறார். உள்ளே அடுப்படியில் வீட்டுக்காரி பாத்திரத்தை வைக்கிற சத்தத்தில் அவளுடைய பதில் தெரிந்துவிடுகிறது.

இன்றைக்கு டீச்சர் தானாகவே கேட்டார்: "நீங்களும் உங்க தம்பியும் அச்சு அசலா ஒரே மாதிரிதானா? இல்ல, சும்மா அண்ணன் தம்பி ஜாடையா?"

"எங்கய்யா எங்க ரெண்டு பேர்ல யாரை அடிக்கணுமோ, சந்தேகத்துக்கு ரெண்டு பேரையும் அடிப்பாரு."

"அப்ப இந்த டெஸ்ட்டுக்கு உங்க ரெண்டு பேரையும் பிரிக்கத் தெரியாதுய்யா" என்றார்.

உள்ளே ஒரு கரண்டி விழுந்தது.

பிறகு பாடம் நடத்தினார். நான் பள்ளிக்கூடம் போகாத குறை எழுபத்துநாலு வயசில் மாடிப்படியில் தீர்ந்தது. உடம்பு முழுக்கச் செல் என்று கண்ணுக்குத் தெரியாத அறைகளாம். ஒவ்வொன்றுக்குள்ளும் குரோமோசோம் என்று நாற்பத்தாறு நூல். அம்மா கொடுத்தது பாதி, அப்பா கொடுத்தது பாதி, ஜோடி ஜோடியாக. நம்முடைய மூக்கு, முழி, மண்டைக்கனம் எல்லாம் அந்த நூலில்தான் சுற்றியிருக்கிறதாம். அந்த அறைகள் பெருகுவதில் இரண்டு விதம்.

"முதலாவது மைட்டாசிஸ். உடம்பு வளர்றது, புண்ணு ஆறுறது எல்லாம் இதுல. நாற்பத்தாறுக்கும் ஒரு நகல் எடுக்கும். நடுவுல வரிசையா நிறுத்தும். ஒரே தடவை பிரியும். ரெண்டு செல் வரும். ரெண்டுலயும் நாற்பத்தாறு. ஒண்ணுக்கொண்ணு மாற்றமே இருக்காது."

"ஜெராக்ஸ் கடை" என்றேன்.

"ரெண்டாவது மியாசிஸ். இது பிள்ளை பிறக்கிறதுக்கான செல் உண்டாக்க மட்டும்."

"ஆம்பிளைக்கு அது எங்க நடக்கும்?"

டீச்சர் பேனாவை மூடினார். உள்ளேயிருந்து, "டீச்சரம்மா, அந்த மனுசனுக்கு எங்க நடக்கும்னு நல்லாத் தெரியும்" என்று ஒரு குரல் வந்தது. ஒரு மாசத்தில் நான் கேட்ட முதல் வார்த்தை.

பேனா திறந்தது. "இதுல நகல் எடுக்கிறது ஒரு தடவைதான், பிரியறது ரெண்டு தடவை. முதல்ல அம்மா நூலும் அப்பா நூலும் ஜோடியா ஒட்டி நிக்கும். நிக்கும்போதே துண்டு துண்டா மாத்திக்கும். அப்புறம் ஜோடி பிரியும். மறுபடி ஒருக்கப் பிரியும். கடைசியில நாலு செல். ஒவ்வொண்ணுலயும் இருபத்துமூணுதான், பாதி. நாலும் நாலு தினுசு. அதனாலதான் கூடப் பிறந்தவங்க ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இருக்கிறதில்ல. தமிழ்ல குன்றல் பகுப்புன்னு பேரு."

"இது ரம்மி. கலைச்சுப் போட்டு, பாதிச் சீட்டுதான் கையில குடுக்குறாக. மிச்சப் பாதி எதிராளிகிட்ட இருந்து வரணும்."

"கிட்டத்தட்ட அதேதான்."

எனக்குத் தேயிலை ஞாபகம் வந்தது. மலையில் பழைய காடு எல்லாம் விதை போட்டு வந்தது. ஒரு செடி தடித்த இலை, பக்கத்துச் செடி சுருட்டை இலை. ஒன்று இன்றைக்குத் துளிர்க்கும், இன்னொன்று அடுத்த வாரம். புதுக் காட்டுக்கு விதை கிடையாது. நல்ல செடியாகப் பார்த்து, ஒரு இலை ஒரு கணு வைத்துத் தண்டை நறுக்கி, மண் நிரப்பின பையில் நட்டுவைப்போம். மலைச்சரிவு முழுக்க ஒரே செடிதான் திரும்பத் திரும்ப நிற்கும். ஒன்றாகத் துளிர்க்கும். நோய் வந்தால் ஒன்றாகச் சாகும். அந்த நாற்றங்காலில்தான் எங்களுக்கு வேலை.

"தண்டு நட்டது மைட்டாசிஸ். விதை போட்டது மியாசிஸ்ல ஆரம்பிச்சது" என்றார் டீச்சர். "உங்கம்மா வயித்துல முதல்ல நீங்க ரெண்டு பேரும் ஒரே கருதான். அது பெருகிக்கிட்டு இருக்கும்போதே ரெண்டு கூறாகி, தனித்தனி ஆளா வளந்துட்டீங்க. ஒரே செடியில வெட்டின ரெண்டு தண்டு."

ஆக, நானும் கருப்பனும் ஒரே ஆள். அரசாங்கம் தெரியாமல் இரண்டு ரேஷன் கார்டு கொடுத்துவிட்டது.

"அப்ப லோகநாயகி கருப்பன் பிள்ளையா இருக்கலாம்?"

"இருக்கலாம்."

"காகிதம் பொய்யில்ல. நானும் பொய்யில்ல."

"டெஸ்ட்டைப் பொறுத்தவரை அப்படித்தான்யா" என்றார். அந்த 'டெஸ்ட்டைப் பொறுத்தவரை' எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் படியிலிருந்து இறங்கும்போது முழங்கால் வலி தெரியவில்லை.

மார்கழி 6

விஞ்ஞானம் என்னை விடுதலை செய்துவிட்டது என்று மகனிடம் சொன்னேன். அவன் முகம் தொங்கிவிட்டது.

"அப்ப எனக்கு அக்கா இல்லையா?"

டீச்சர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "அது மாறாது தம்பி. அப்பாவோட நூலும் சித்தப்பாவோட நூலும் ஒண்ணுதானே? யாருக்குப் பிறந்திருந்தாலும், உங்க ரெண்டு பேருக்கும் ரத்தக் கணக்குல அப்பா வழி ஒண்ணுதான்."

"ஆக, நம்ம ஊரு முறையும் அதானே டீச்சர்? சித்தப்பா மகள்னாலும் அக்காதான!"

அவன் குதித்துக்கொண்டு போய் ஆம்பிளிஃபயரைத் துடைக்க ஆரம்பித்தான். நான் இரண்டு பக்கமும் தோற்ற மாதிரி நின்றேன். தோற்றது எதில் என்று புரியவில்லை.

மார்கழி 7

சோறும் இல்லை. ஓட்டல் இட்லி. அந்த இட்லிகளுக்குள் நடந்தது மைட்டாசிஸ்தான், நாலும் ஒரே கல்.

மார்கழி 14

லோகநாயகி வந்தாள். கையில் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி. தாய்மாமன் என்று போட்டு, பேருக்கு இடம் விட்டிருந்தது. அச்சுக்கு இரண்டு நாளில் கொடுக்க வேண்டுமாம்.

அவளை உட்காரவைத்து எல்லாம் விளக்கினேன். நாற்பத்தாறு நூல், ஜெராக்ஸ், ரம்மி, தேயிலை. டீச்சரைவிட நன்றாகவே சொன்னேன். நான் உனக்குப் பெரியப்பா, கருப்பன்தான் அப்பன் என்று முடித்தேன்.

"அம்மா வெள்ளைச்சாமின்னுதானுங்களே சொன்னாங்க."

"மலையில நாங்க ரெண்டு பேருமே வெள்ளைச்சாமிதாம்மா. உங்கம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

அவள் தரையைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

"எங்கம்மா சாவறதுக்கு முன்னால முழுசா ஒரு நாள் உங்களைப் பத்தித்தானுங்க பேசுனாங்க. ஒரு குறையும் சொல்லலீங்க. ஆனை போன தடத்துல தண்ணி நின்னதாமா. அதை ரெண்டு பேரும் நின்னு பாத்தாங்களாமா. அதுல ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டலாம்னு அம்மா சொன்னதுக்கு, பிள்ளைக்கு லோகநாயகின்னு பேரு வையின்னு அவரு சொன்னாராமா. நீங்க இல்லீன்னா சரீங்க, பெரியப்பா. நான் அந்த எடத்தை வெறுமனே விட்டுட்டு அச்சுக்குக் குடுத்துக்கறேன்."

எழுந்து செருப்பைப் போட்டாள். கருப்பன் சொன்னான் என்று சொல்ல வந்தேன். வரவில்லை.

மாடிப்படியில் சத்தம். வீட்டுக்காரி இறங்கி வந்தாள். ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, மறு கையில் குங்குமச் சிமிழ். என்னைத் தாண்டி, நான் ஒரு தூண் மாதிரி என்னைச் சுற்றிக்கொண்டு, நேரே அவளிடம் போனாள்.

"செருப்பக் கழட்டு. பிறந்த வீட்டுக்கு வந்தவ தண்ணி குடிக்காம போவியா?"

லோகநாயகி செம்பை வாங்கிக்கொண்டு நின்றாள். குடிக்கத் தெரியாதவள் மாதிரி.

"அக்கா... அம்மா... எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியலீங்க."

"பெரியம்மான்னாலும் சரி, சின்னம்மான்னாலும் சரி. எல்லாத்துலயும் அம்மா இருக்குல்ல. பெரியப்பனும் அப்பன்தான். அழகுராசா! உன் பேரு எப்படி எழுதணும்னு பிள்ளைகிட்டச் சொல்லு. தாய்மாமன் வருவான். மைக்செட்டோட வருவான்."

"அம்மா, வாடகை வேண்டாம்!" என்று அழகுராஜா கத்தினான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இந்தத் தடவை மூடவில்லை.

நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, வீட்டுக்காரி மறுபடியும் மாடிக்குப் போனாள். என்னை ஒரு முறை பார்த்தாள். திட்டியிருக்கலாம்.

தை 6

ஊரெல்லாம் ஜல்லிக்கட்டுக்காகப் பையன்கள் தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். அழகுராஜா மைக்கை அங்கேயும் ஓசியில் கொடுத்திருக்கிறான். தாய்மாமன் ஆகப்போகிறவனுக்கு இப்போது உலகத்தில் எல்லோரும் சொந்தம்.

படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டீச்சரம்மா, அந்த மனுசன்ட்ட ஒண்ணு கேளுங்க. எங்க கல்யாணத்துக்கு முந்தின தையில மலையிலேர்ந்து ஒரு ஆள் வந்து எங்க மாமனார்ட்ட ரகசியமாப் பேசுனான்னு எங்க மாமியா சொல்லியிருக்காக, அவன் என்ன சொல்ல வந்தான்?"

"யானை மிதிச்ச கொட்டகையைக் கட்ட ஆள் வேணும்னு கருப்பன் சொல்லியனுப்பியிருந்தான்" என்றேன்.

"இவுக போனாகளா?"

"எப்படிப் போறது? மாசியில நிச்சயம், வைகாசியில கல்யாணம்னு அய்யா ஏற்பாடு பண்ணிட்டாரு. கொட்டகைக்கு வேற ஆள் கிடைக்காமலா போயிருவான்?"

உள்ளே ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டது.

"கிடைக்கல போல" என்றது குரல்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் உரிக்கிறார்கள் என்றார். உரித்ததாகத் தெரியவில்லை.

தை 18

பட்டு வேட்டி எடுத்து வைத்திருக்கிறது, என் கட்டிலில். யார் வைத்தார்கள் என்று கேட்கவில்லை.

தை 21

நேற்றுப் பொள்ளாச்சியில் கல்யாணம். மகன் லோடு ஆட்டோவில் குழாய்களோடு முதல் நாளே போய்விட்டான். நானும் வீட்டுக்காரியும் டீச்சரும் பஸ்ஸில். அவர்கள் இரண்டு பேரும் ஒரு சீட்டில், நான் பின்சீட்டில் ஒரு கோழிக்காரனோடு.

முகூர்த்த நேரத்தில் அழகுராஜா மைக்கைப் பிடித்து, "தாய்மாமன் மேடைக்கு வரவும்" என்றான். பிறகு மைக்கை வைத்துவிட்டு அவனே மேடைக்குப் போனான். மண்டபம் சிரித்தது. அந்தப் பெண் ரேணுகாவுக்கு மாலையைப் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். காது கேட்காதவன் என்பதால் நாயனத்துக்கு மேல் சத்தமாக அழுதான். பெண்ணுக்கு மூக்கு நல்லபடியாக இருக்கிறது. ரம்மியில் நல்ல சீட்டு விழுந்திருக்கிறது.

மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் வந்து, "பெரியவருக்கு என்ன முறைங்க?" என்று கேட்டார். லோகநாயகி என்னைப் பார்த்தாள். வீட்டுக்காரி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"பொண்ணுக்குத் தாத்தாங்க" என்றேன். பெரியப்பாவாக இருந்தாலும் தாத்தாதான். பொய்யில்லை.

மண்டபத்து மூலையில் மருதாயியின் படம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். கிழவியாகி எடுத்த படம். உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். நான் அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். பந்திக்கு இரண்டு தரம் கூப்பிட்டார்கள். பிறகு சாப்பிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து நாற்காலியில் வந்து வீட்டுக்காரி உட்கார்ந்தாள். வெற்றிலையை என் கையில் வைத்தாள்.

"பல்லு ஏறியிருக்கோ?" என்றாள் படத்தைப் பார்த்து.

"ஆமா" என்றேன். கருப்பன் பேரை எடுக்கவில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் டீச்சர் நோட்டை எடுத்துக்கொண்டு கீழேயே வந்துவிட்டார். இன்றோடு முடித்துக்கொள்ளலாம் என்றேன். ஒன்றே ஒன்று மட்டும் எழுதச் சொன்னேன்.

நானும் கருப்பனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், எச்சில் டெஸ்ட்டுக்கே பிரிக்கத் தெரியாது என்கிறார்கள். பிரிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் நான்கு பேர் இருந்தார்கள். எங்கள் அம்மா இருளாயி. இருட்டில் தலையைத் தடவியே சொல்லிவிடுவாள், அவள் போய் நாற்பது வருஷம். கங்காணி வளர்த்த செவலை நாய். அது கருப்பனை மட்டும் கடிக்கும், அதுவும் போயிற்று. மருதாயி. அந்தத் தை மாசம் முறை மாறி, என் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கருப்பன் மலையேறிப் போய் நின்றபோது, அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நீ இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். வைகாசியில் என் கல்யாணத்துக்கு வந்தபோது கருப்பன் இதைச் சொன்னான். அதன் பிறகு சாகிற வரை என்னோடு அவன் பேசவில்லை. அவளும் இந்தப் புரட்டாசியில் போய்விட்டாள்.

அதே கல்யாணத்தில் பங்காளிகள் விளையாட்டுக்குக் கருப்பனை மணவறையில் உட்காரவைத்தார்கள். பெண் தலையைக் குனிந்துகொண்டே வந்தாள். அவன் பாதத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இவுக இல்ல" என்று நின்றுவிட்டாள். நான் போய் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

நால்வரில் இன்னும் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான். ஆவுடைத்தாய்.